போரானும் நகச்சொத்தையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பண்பறி பகுப்பாய்வு வகுப்பில் போரேட் உப்பைக் கண்டறியும் சோதனையை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். உப்புடன் சிறிது அடர் கந்தக அமிலமும் எத்தில் ஆல்கஹாலும் சேர்த்துச் சூடாக்கி, சோதனைக் குழாயின் வாயில் வெளிவரும் ஆவியைக் கொளுத்தினால் சுடரின் விளிம்பு பச்சையாகத் தெரியும். உடனே "போரேட் உள்ளது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பச்சை விளிம்பும் ஒரு நிறமாலைதான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் வெளியிடும் ஒளியை அல்லது உட்கவரும் ஒளியைக் கொண்டு அப்பொருளை அறிவதே நிறமாலையியல். அதைக் கருவியின்றிக் கண்ணாலேயே செய்துவிடுகிறோம்.

போரான் நமக்குப் புதிய தனிமமன்று. பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைப்புக்குப் பயன்படும் வெங்காரம் சோடியம் போரேட்டாகும். சித்த மருத்துவத்திலும் வெங்காரத்துக்கு இடமுண்டு. கேரம் பலகையில் காய் வழுக்கிச் செல்லத் தூவும் வெள்ளைப் பொடி போரிக் அமிலம். நாம் ஆய்வகத்தில் உடைத்துவிட்டு அபராதம் கட்டும் பீக்கர் போரோசிலிகேட் கண்ணாடி. ஆயினும், வேண்டுமென்றே திட்டமிட்டு ஒரு மருந்து மூலக்கூறின் நடுவே போரான் அணுவைப் பதித்து, அந்த அணுவையே வேலை செய்ய வைப்பது மிக அண்மைக் காலத்தில் வந்த கலை. அவ்வகையில் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலை முதலில் பெற்ற மருந்து 2003-இல் வந்த போர்டிசோமிப் என்னும் புற்றுநோய் மருந்து. பூஞ்சைக்கு எதிரான போரான் மருந்து 2014 ஜூலையில் ஒப்புதல் பெற்றது. அதன் பெயர் டாவபோரோல். அந்த மூலக்கூறை நிறமாலை வழியாகவும் கணிப்பொறி வழியாகவும் எவ்வாறு அறிகிறார்கள், அப்படி அறிவதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெறும் எண் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோய்

கால் விரல் நகம் மஞ்சள் படர்ந்து, தடித்து, நுனியிலிருந்து பொடியாக உதிர்வதை நகச்சொத்தை என்கிறோம். நகத்தைச் சுற்றிச் சீழ் வைக்கும் நகச்சுத்தி வேறு, இது வேறு. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சையே இதற்குப் பெரும்பாலும் காரணம். நகமும் மயிரும் தோலின் மேலடுக்கும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தக் கெரட்டினையே உணவாகக் கொள்வது இப்பூஞ்சை. படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் இதன் உறவினர் வேலைதாம். ஈரத்தில் கால் ஊறிக் கிடப்பவர்களை இது எளிதில் பிடிக்கும்.

என் தாயார் நாற்று நடப் போகிறவர். அவருடைய கால் கட்டைவிரல் நகங்கள் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மஞ்சளாகவே இருக்கின்றன. மருதாணி வைத்தால் மறையும் என்பதே எங்கள் வீட்டில் அறிந்த சிகிச்சை. இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்நோய் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் போகவும் போகாது. வாய்வழி உட்கொள்ளும் மருந்துகள் உண்டு என்றாலும் அவை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு தேவைப்படுகிறது. மேலே பூசும் மருந்துக்குத் தடை நகமே. நகத்தகடு வறண்ட ஓடு போலத் தோன்றினாலும், நீரை உறிஞ்சும் நெருக்கமான வலை போல நடந்துகொள்கிறது. சிறிய, நீர்நாட்டமுள்ள மூலக்கூறுகள் அதன் வழியே நுழையும், பெரியவை நின்றுவிடும். இங்கேதான் எடைக்கு மதிப்பு வருகிறது. இட்ராகொனசோலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 706. டெர்பினஃபைனுக்கு 291. டாவபோரோலுக்கு 152 தான்.

மூலக்கூறு

டாவபோரோலில் உள்ளவை ஏழு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு போரான், ஒரு ஃபுளூரின், இரண்டு ஆக்சிஜன். மொத்தம் 17 அணுக்கள். ஒரு பென்சீன் வளையத்தை வரைந்துகொள்ளுங்கள். அதன் அடுத்தடுத்த இரு கார்பன்களில் ஒன்றில் போரானையும் மற்றொன்றில் ஒரு மெத்திலீன் தொகுதியையும் இணையுங்கள். அந்த இரண்டையும் ஓர் ஆக்சிஜனால் பாலமிட்டால் ஐந்து அணு வளையம் ஒன்று உருவாகும். போரானின் மூன்றாவது கையில் ஒரு ஹைட்ராக்சில். போரானுக்கு நேர் எதிரே, பாரா இடத்தில், ஃபுளூரின். இவ்வளவுதான். ஃபுளூரின் இல்லாத தாய்ச் சேர்மத்துக்குப் பென்சாக்சபோரோல் என்று பெயர். அதை 1957-இல் டோர்செல் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலறிஞர் ஆக்கினார். பின்னர் ஐம்பது ஆண்டுகள் அதை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. லூசி ஷாப்பிரோ, ஸ்டீபன் பென்கோவிக் ஆகிய இரு அமெரிக்க விஞ்ஞானிகள் தொடங்கிய அனாக்கார் என்ற கலிபோர்னியா நிறுவனமே அதை மருந்தாக்கியது. ஃபுளூரின் சேர்ந்த சேர்மத்தைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2006-இல் வெளிவந்தது.

போரானிடம் அப்படி என்ன சிறப்பு? அதன் வெளிக்கூட்டில் மூன்றே எலக்ட்ரான்கள். மூன்று பிணைப்புகளை உண்டாக்கிய பின்னும் ஒரு பி ஆர்பிட்டால் காலியாகவே நிற்கிறது. எட்டு எலக்ட்ரான் விதி நிறைவேறவில்லை. ஆகவே எலக்ட்ரான் இரட்டை உள்ள எந்த ஆக்சிஜன் வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக நிற்கும் லூயிஸ் அமிலம் அது. ஏற்றுக்கொண்டதும் அதன் வடிவம் மாறுகிறது. முன்பு மூன்று கைகளும் ஒரே தளத்தில் 120 பாகைக் கோணத்தில் இருந்தன. நான்காவது கை வந்ததும் போரான் நான்முகியாகிறது. கோணம் ஏறத்தாழ 109 பாகை. வேண்டும்போது மீண்டும் தள வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். கார்பனால் இந்த வேலை ஆகாது.

இதற்குச் சான்று நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. போரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்க்க முயன்றால் முடிவுநிலை தெளிவாகக் கிடைக்காது. அது மிக வலுக்குறைந்த அமிலம், அதன் பி.கே.ஏ. மதிப்பு 9.2. ஆனால் கூம்புக் குடுவையில் மானிட்டாலையோ கிளிசராலையோ சேர்த்துவிட்டால் பினாப்தலீன் தெளிவாக நிறம் மாறுகிறது. "மானிட்டால் சேர்க்கவும்" என்று செய்முறை நூலில் இருக்கும். ஏன் என்று நாம் கேட்பதில்லை. மானிட்டாலில் அருகருகே உள்ள இரண்டு ஹைட்ராக்சில்களைப் போரான் இரு கைகளால் பற்றி வளையமாக்கிக்கொள்கிறது. அதனால் நான்முகி அயனி நிலைபெறுகிறது, அமிலம் வலுவடைகிறது. அருகருகே இரு ஹைட்ராக்சில் உள்ள பொருளைக் கண்டால் போரான் விடாது என்ற இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் மருந்தின் வேலை விளங்கிவிடும்.

மருந்து செய்யும் வேலை

எந்த உயிரணுவும் புரதம் ஆக்க வேண்டுமானால், ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.யின் வால் நுனியில் ஏற்றியாக வேண்டும். லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றும் நொதிக்கு லியூசில் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தடேஸ் என்று பெயர். இந்த நொதியில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்றில் ஏற்றுதல் நடக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 30 ஆங்ஸ்ட்ராம் தள்ளி மற்றோர் அறை இருக்கிறது. லியூசினைப் போன்ற தோற்றமுள்ள வேறொன்று தவறுதலாக ஏறிவிட்டால், வால் நுனி அந்த அறைக்குள் வளைந்து சென்று அங்கே தவறு நீக்கப்படுகிறது. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவர், பிழை திருத்துபவர் ஒருவர் இருப்பது போல எனலாம்.

டாவபோரோல் போய் உட்காருவது பிழை திருத்தும் அறையில். கடத்து ஆர்.என்.ஏ.யின் வால் நுனியில் இருப்பது அடினோசின். அதில் ரைபோஸ் என்ற சர்க்கரை. ரைபோஸின் இரண்டாம், மூன்றாம் கார்பன்களில் ஒரே பக்கமாக அருகருகே இரண்டு ஹைட்ராக்சில்கள். நமது மானிட்டாலேதான்! திருத்தத்துக்காக உள்ளே வந்த வால் நுனியைப் போரான் இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறது. நுனி வெளியேற முடிவதில்லை. நொதி முடங்குகிறது, புரத ஆக்கம் நிற்கிறது, பூஞ்சை வளர முடியாமல் போகிறது. 2007-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வில் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வு மூலம் இது காட்டப்பட்டது. மருந்துக்கு அடங்காத ஈஸ்ட் வகைகளைத் தேர்ந்து பார்த்தபோது அவற்றின் மரபணு மாற்றங்கள் அந்தத் திருத்தும் அறையைச் சேர்ந்த பகுதியிலேயே இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே இடத்தைச் சுட்டியதால் இதை நம்ப முடிகிறது.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். நான்முகியாகும் குணம் எல்லாப் போரானிக் அமிலங்களுக்கும் உண்டே, ஐந்து அணு வளையம் எதற்கு? வளையத்துக்குள் இருக்கும் போரான் 120 பாகைக் கோணத்தை விரும்புகிறது. ஐந்து அணு வளையமோ 108 பாகை அளவுக்கு அதை இறுக்குகிறது. நான்முகியானால் இந்த இறுக்கம் தளர்கிறது. ஆகவே பென்சாக்சபோரோல் நான்காவது கையை விரைந்து ஏற்கிறது. அளவு சொல்வதானால், சாதாரண ஃபீனைல் போரானிக் அமிலத்தின் பி.கே.ஏ. 8.8, பென்சாக்சபோரோலுக்கு ஏறத்தாழ 7.3. வெறும் ஒன்றரை வேறுபாடுதானே என்று தோன்றும். ஹெண்டர்சன் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்போம். உடலின் பி.எச். 7.4 என்று கொண்டால், ஃபீனைல் போரானிக் அமிலத்தில் நான்முகி அயனி நூற்றுக்கு 4 பங்குதான். பென்சாக்சபோரோலில் நூற்றுக்கு 56 பங்கு. தளமும் நான்முகியும் ஏறக்குறையச் சரிபாதியாக, இப்பக்கமும் அப்பக்கமும் எளிதில் சாயும் தராசு போல் நிற்கிறது. ஃபுளூரின் எலக்ட்ரானைத் தன்பால் இழுப்பதால் அது சற்றுக் கூடுதலாக அயனியின் பக்கம் சாய்க்கும்.

நிறமாலைகள் சொல்வன

இந்தச் சாய்வை நேரே காண உதவுவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர். ஹைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் எடுப்பது போலவே போரான்-11 அணுக்கருவுக்கும் எடுக்கலாம். தள வடிவப் பென்சாக்சபோரோலின் குறி 32 பி.பி.எம். அருகில் விழும், நான்முகி அயனியின் குறி 8 பி.பி.எம். அருகில். இரண்டும் கலந்திருக்கும் கரைசலில் இரண்டு குறிகள் தெரிய வேண்டும் என்றே முதலில் எண்ணுவோம். தெரிவதில்லை. இரு வடிவங்களும் மிக வேகமாக ஒன்று மற்றொன்றாக மாறுவதால் சராசரியான ஒரே குறிதான் தெரியும். பி.எச்.ஐப் படிப்படியாக உயர்த்தினால் அக்குறி 32-இலிருந்து 8 நோக்கி நகர்ந்துகொண்டே வரும். சரியாக நடுவே, அதாவது 20 அருகில் வரும்போது உள்ள பி.எச். தான் பி.கே.ஏ. பியூரெட் இல்லாத தரம்பார்த்தல் இது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என்.எம்.ஆர். குழாய் வழக்கமாகப் போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனது. போரானைத் தேடப் போனால் குழாயே "நானும் போரான்" என்று அகன்ற மேடு ஒன்றைக் காட்டும். அதனால் குவார்ட்ஸ் குழாய் பயன்படுத்துகிறார்கள். பீக்கரின் கதை இங்கும் தொடர்கிறது.

நிறை நிறமாலையில் போரான் தன்னை மறைக்கவே முடியாது. இயற்கையில் போரானின் ஐந்தில் நான்கு பங்கு போரான்-11. மீதி ஒரு பங்கு போரான்-10. எனவே டாவபோரோலுக்கு 152-இல் ஒரு குறி வந்தால் 151-இல் அதன் கால் உயரத்தில் மற்றொரு குறி கட்டாயம் இருக்கும். முதன்மைக் குறிக்கு ஒன்று குறைவான இடத்தில் இவ்வளவு உயரமாக ஒன்று நின்றால், முதலில் போரானையே ஐயுற வேண்டும்.

அகச்சிவப்பு நிறமாலையையும் இராமன் நிறமாலையையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் இன்று மருந்து மூலக்கூறுகளை ஆராயும் எல்லாக் கூடங்களிலும் அன்றாடக் கருவியாகிவிட்டது. 17 அணுக்கள் கொண்ட மூலக்கூறுக்கு 3 × 17 − 6, அதாவது 45 அதிர்வுகள். மெத்திலீனின் இரு ஹைட்ரஜன்கள் தவிர மற்ற 15 அணுக்களும் ஒரே தளத்தில் இருப்பதாகக் கொண்டால் 30 அதிர்வுகள் அத்தளத்தைப் பொறுத்துச் சமச்சீரானவை, 15 அவ்வாறில்லாதவை என்று தொகுதிக் கொள்கை கூறும். 45-உம் இரு நிறமாலைகளிலும் தோன்ற அனுமதி உண்டு.

அவற்றுள் நமக்கு வேண்டியது போரான்-ஆக்சிஜன் நீட்சி அதிர்வு. அலை எண் 1350 அருகில் வலிமையான பட்டையாக வரும். அதுதானா, பென்சீன் வளையத்தின் அதிர்வா என்று ஐயம் வந்தால் ஐசோடோப்பே தீர்ப்புச் சொல்லும். இரு அணுக்களை மட்டும் ஒரு சுருள்வில்லால் கட்டியதாகக் கொண்டு குறைத்த நிறையைக் கணக்கிடுங்கள். போரான்-11-க்கு 6.52, போரான்-10-க்கு 6.15. அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 1350-இல் உள்ள பட்டைக்கு 1389 அருகில் ஒரு சிறிய துணைப்பட்டை வர வேண்டும். உண்மை மூலக்கூறில் அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் இடைவெளி இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் போரான் பங்குகொள்ளாத அதிர்வுக்கு இத்தகைய துணைப்பட்டை வரவே வராது.

இக்கருவிகள் எல்லாம் நம் கல்லூரியில் இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள நுட்பக் கருவிகள் மையம் போன்ற இடங்களுக்குக் கட்டணம் செலுத்தி மாதிரியை அனுப்பி நிறமாலை பெறலாம். மேற்கண்ட கணக்குகளுக்கோ பென்சிலும் மடக்கை அட்டவணையும் போதும்.

கணிப்பொறியின் பங்கு

ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஹைட்ரஜன் அணுவுக்கு வகுப்பில் தீர்க்கிறோம். டாவபோரோலில் 78 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் மற்ற 77-ஐயும் விலக்குகிறது. கையால் ஆகாத காரியம். வால்டர் கோன் காட்டிய வழி, எலக்ட்ரான்களைத் தனித்தனியே பின்தொடராமல் அவற்றின் அடர்த்தியை மட்டும் கண்டுபிடி, ஆற்றல் அதிலிருந்து கிடைத்துவிடும் என்பது. இதுவே அடர்த்திச் சார்புக் கொள்கை. கோனுக்கும், இத்தகைய கணக்குகளைக் கணிப்பொறி நிரலாக வடித்த ஜான் போப்பிளுக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் சில கணிதச் சார்புகளை நட்டு, அவற்றைக் கூட்டி ஆர்பிட்டால்களை உருவாக்குவார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் 6-311 என்று தொடங்கும் விரிவான தொகுதியில் கன அணு ஒன்றுக்கு 22 சார்புகள், ஹைட்ரஜனுக்கு 7. டாவபோரோலுக்குக் கூட்டிப் பார்த்தால் 284 வருகிறது. இவற்றை நான்கு நான்காகச் சேர்த்துப் போட வேண்டிய தொகையீடுகள் ஏறத்தாழ 80 கோடி! இன்றைய மடிக்கணிப்பொறி இதைச் சலிக்காமல் செய்துவிடுகிறது. கல்விப் பணிக்கு விலையின்றிக் கிடைக்கும் நிரல்களும் உள்ளன. ஆகவே ஒரு சேர்மத்தை எடுத்து, அகச்சிவப்பு நிறமாலை பதிந்து, கணிப்பொறியில் அதிர்வெண்களைக் கணக்கிட்டு, இரண்டையும் அருகருகே அட்டவணையிட்டு வெளியிடப்படும் கட்டுரைகள் ஏராளமாக வந்துகொண்டிருக்கின்றன.

இக்கட்டுரைகளைப் பற்றி ஒரு மாணவன் கருத்துக் கூறுவது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். ஆயினும் படித்துப் பார்க்கும்போது எழும் கேள்விகளை மறைப்பதில் பயனில்லை.

கணக்கிட்ட அதிர்வெண்கள் எப்போதும் சற்று உயர்ந்தே வரும்; பிணைப்பைச் சரியான சுருள்வில்லாகக் கொள்வது இதற்கு முக்கியக் காரணம். 0.96 அல்லது 0.97 என்ற எண்ணால் பெருக்கிச் சரிசெய்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வருவது ஹைட்ராக்சில் அதிர்வில். தனி மூலக்கூறைக் கணக்கிட்டால் அது 3700-க்கு மேல் கூர்மையாக வரும். பதிந்த நிறமாலையிலோ 3200 முதல் 3400 வரை அகன்ற பட்டை. "சிறு வேறுபாடு காணப்படுகிறது" என்று எழுதிக் கடந்துவிடுவது எளிது. உண்மைக் காரணம், படிகத்தில் பென்சாக்சபோரோல் தனியே இருப்பதில்லை. ஒன்றின் ஹைட்ராக்சில் மற்றொன்றின் வளைய ஆக்சிஜனைப் பற்ற, மற்றொன்று இதனைப் பற்ற, கைகோத்த இரட்டையாக இருக்கிறது. அப்படியானால் கணக்கிட வேண்டியது 34 அணுக்கள் கொண்ட இரட்டையை, அதிர்வுகள் 96. அந்த இரட்டைக்குச் சமச்சீர் மையம் இருப்பதால் இராமனில் வருவது அகச்சிவப்பில் வராது, அகச்சிவப்பில் வருவது இராமனில் வராது. இரு நிறமாலைகளும் தேவை என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, நிரம்பிய ஆர்பிட்டால்களில் உச்சியில் உள்ளதற்கும் காலியானவற்றில் அடியில் உள்ளதற்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி. டாவபோரோலில் இவை 39-ஆவதும் 40-ஆவதும். 40-ஆவதில் போரானின் காலி பி ஆர்பிட்டாலுக்குப் பங்கு உண்டு என்பது அறியத்தக்க செய்தி; ஆக்சிஜன் வந்து தாக்கும் இடம் எது என்பதை அது காட்டுகிறது. ஆனால் அந்த இடைவெளி இத்தனை எலக்ட்ரான் வோல்ட், ஆகவே இச்சேர்மம் உயிரியல் செயல்திறன் மிக்கது என்று முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெற்றிடத்தில் மிதக்கும் ஒற்றை மூலக்கூறின் எண் அது. நகத்தின் அடியில் நீருண்டு, புரதம் உண்டு. மருந்தில் பாதிக்கு மேல் அயனியாகிவிட்டது என்று சற்றுமுன் கணக்கிட்டோம். அயனியைக் கணக்கிடாத கணக்கு மருந்தின் பாதியை விட்டுவிட்ட கணக்கு.

பெரிய சிக்கல் டாக்கிங் என்னும் பொருத்திப் பார்க்கும் கணக்கில் இருக்கிறது. புரதத்தின் பள்ளத்தில் மருந்தை வைத்து, எங்கே எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று கணிப்பொறி மதிப்பெண் இடும். சில நிரல்களில் போரானுக்கான எண் விவரங்கள் இருப்பதில்லை. போரான் இருக்கும் இடத்தில் கார்பனை வைத்துக் கணக்கிட்டுவிடுவதும் உண்டு. காலி ஆர்பிட்டால் உள்ள அணுவை எடுத்துவிட்டு அது இல்லாத அணுவை வைப்பதென்றால், மாப்பிள்ளை இல்லாமல் கலியாணம் நடத்துவது போலத்தான். விவரம் இருந்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. சாதாரண டாக்கிங் ஒட்டுதலை மட்டுமே அளக்கும். சகப்பிணைப்பு உண்டாவதை அளக்காது. டாவபோரோலின் வேலை முழுவதும் ரைபோஸின் இரு ஆக்சிஜன்களுடன் உண்டாகும் சகப்பிணைப்பில் இருக்கிறது. மேலும் அது பற்றுவது புரதத்தையன்று, ஆர்.என்.ஏ.யின் நுனியை. ஆர்.என்.ஏ. இல்லாத வெறும் நொதியில் வைத்துப் பெற்ற மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் கொடுப்பது?

கணிப்பொறியால் இதைச் செய்ய முடியாது என்பதன்று. தள வடிவம், நான்முகி அயனி, ரைபோஸுடன் சேர்ந்த வளையம் ஆகிய மூன்றின் ஆற்றலையும் நீரில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் போரான்-11 என்.எம்.ஆர். குறி எங்கே விழும் என்றும் கணக்கிடலாம். 32, 8 என்ற அளந்த எண்கள் ஏற்கெனவே கையில் இருப்பதால் கணக்கு சரியா என்று உடனே தெரிந்துவிடும். ஃபுளூரினை நான்காம், ஐந்தாம், ஆறாம், ஏழாம் இடங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் பி.கே.ஏ. எப்படி நகர்கிறது என்றும் கேட்கலாம். இப்படிக் கேட்கும்போது நிறமாலையும் கணக்கும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. வெறுமனே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

இந்த மருந்தின் வெற்றி எவ்வளவு என்பதையும் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கு 5 பங்குக் கரைசலாக நாள்தோறும் ஒரு முறை, 48 வாரங்கள் பூச வேண்டும். கால் கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாய் முளைக்க ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இவ்வளவு நீண்ட காலம். ஒப்புதலுக்கு அடிப்படையான இரண்டு பெரிய ஆய்வுகளில் முழுக் குணம் அடைந்தவர்கள் நூற்றுக்கு 6.5 பேரும் 9.1 பேரும். மருந்தில்லாக் கரைசல் பூசியவர்களில் 0.5-உம் 1.5-உம். பூஞ்சை மட்டும் ஒழிந்தவர்களைக் கணக்கிட்டால் 31.1-உம் 35.9-உம், மருந்தில்லாதவர்களில் 7.2-உம் 12.2-உம். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பதினொரு மாதம் தவறாமல் பூசியும் பத்தில் ஒன்பது பேருக்கு நகம் முழுதாகத் தெளியவில்லை. பொறியமைப்பு இவ்வளவு அழகாக இருந்தும் பலன் ஏன் இவ்வளவுதான் என்று கேட்டால், நகத்தகட்டைத் தாண்டிப் போதிய அளவு மருந்து பூஞ்சையைச் சேர்வதே கடினம் என்ற பழைய தடை முன்னே வந்து நிற்கிறது. மூலக்கூறு எடையை 152-க்குக் குறைத்தும் தீராத தடை அது. கெரட்டினுக்குள் போரான் எந்த வடிவில் ஊடுருவுகிறது, தளமாகவா அயனியாகவா என்பது நிறமாலையிடம் கேட்கத் தகுந்த கேள்வி. நகத் துணுக்கு யார் வீட்டிலும் கிடைக்கும்.

இதே பென்சாக்சபோரோல் எலும்புக்கூட்டில் ஃபுளூரினுக்குப் பதில் வேறொரு நீண்ட தொகுதியை வைத்து ஆக்கிய கிரிசபோரோல், தோல் அரிப்பு நோய்க்கு 2016 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. அது போய்ச் சேரும் நொதி வேறு, அங்கே ஆர்.என்.ஏ. இல்லை, ரைபோஸும் இல்லை. இரு உலோக அயனிகளுக்கு நடுவே கட்டுண்டிருக்கும் நீரின் ஆக்சிஜனை அங்குள்ள போரான் ஏற்று, இங்கு போலவே நான்முகியாகிறது.